ஜியோகேச்சிங் முழுமையான வழிகாட்டி: முதல் பெட்டி தொடங்கி முதல் சந்திப்பு வரை

யாரோ மறைத்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு தேடிக் கண்டெடுக்கும் பொழுதுபோக்குதான் ஜியோகேச்சிங். பெட்டியைக் ‘கேச்’ என்றும் தேடுபவரைக் ‘கேச்சர்’ என்றும் சொல்வார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. கையில் இருந்த கருவி 100 மீட்டர் வரைகூடத் தவறும். அந்தப் பிழையை நிறுத்தியதும் அதே கருவி ஏறக்குறைய பத்து மடங்கு துல்லியமானது. மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஒரேகான் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஓர் இணையக் குழுவில் வெளியிட்டார். மூன்று நாட்களுக்குள் இரண்டு பேர் அதைத் தேடிக் கண்டெடுத்தார்கள். அதே மாத இறுதியில் ‘ஜியோகேச்சிங்’ என்ற பெயர் வந்தது. செப்டம்பர் 2 அன்று ஜியோகேச்சிங் டாட் காம் தளம் 75 பெட்டிகளோடு தொடங்கியது. இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன.

ஒரு பெட்டியை ஒருவர் மறைத்து வைக்கும்போது, அதைத் தேடி வரப்போகும் யாரோ ஒருவரை நினைத்துத்தான் வைக்கிறார். இந்தப் பொழுதுபோக்கில் பிடிபட வேண்டிய முதல் விஷயம் இதுதான். வைத்தவரின் மனதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டி சீக்கிரம் கிடைக்கும். லாக், அதாவது தேடிய அனுபவத்தைத் தளத்தில் பதியும் குறிப்பு, நன்றாக எழுத வரும். சக கேச்சர்களைச் சந்திக்கப் போனால் பேச விஷயமும் இருக்கும்.

தொடங்குமுன்

தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று போதும். பயனர் பெயரை மட்டும் யோசித்து வையுங்கள். ‘நானோ’ எனப்படும் மிகச் சிறிய டப்பாக்களில் கண்டெடுத்தவர் பெயர் எழுதும் காகிதப் பட்டையின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. இருபது எழுத்துப் பெயரை அதில் எழுத முடியாது. எட்டு, பத்து எழுத்துக்குள் இருந்தால் நல்லது. பிறகு சந்திப்புகளில் உங்களை எல்லோரும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், ஆகவே வாயால் சொல்லக்கூடியதாகவும் இருக்கட்டும்.

இலவசக் கணக்கில் கைபேசிச் செயலி எல்லாப் பெட்டிகளையும் திறந்து காட்டாது. இணையதளத்தில் பார்த்தால் கூடுதலாகத் தெரியும். சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டவை அப்போதும் தெரியாது. முதல் சில மாதங்களுக்குச் சந்தா தேவையே இல்லை.

பையில் இருக்க வேண்டியவை: பேனா, பென்சில், புருவம் திருத்தும் சிறு இடுக்கி, சிறிய டார்ச், கையுறை, நான்கைந்து சிறிய ஜிப் பைகள், கத்தரித்த வெற்றுக் காகிதப் பட்டைகள், பவர் பேங்க். பேனாவோடு பென்சிலும் வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஈரக் காகிதத்தில் பால்பாயிண்ட் எழுதாது, ஜெல் மை கரைந்து பரவும், பென்சில்தான் கைகொடுக்கும். சுருட்டி அடைத்த காகிதத்தை வெளியே எடுக்க இடுக்கி. அது இல்லாதவர்கள் நகத்தால் கிள்ளி இழுத்துக் கிழித்துவிடுகிறார்கள்.

எந்தப் பெட்டியை முதலில் தேடுவது

வகைகள் பல. ட்ரெடிஷனல் என்றால் கொடுத்த எண்களிலேயே பெட்டி இருக்கும். மல்ட்டி என்றால் ஓர் இடத்தில் கிடைக்கும் குறிப்பு அடுத்த இடத்துக்கு அனுப்பும். மிஸ்டரி என்றால் புதிரை விடுவித்தால்தான் உண்மையான எண்கள் கிடைக்கும். எர்த்கேச்சில் பெட்டியே கிடையாது. பாறை, மண், நீரோட்டம் போன்ற ஏதோ ஒரு நிலவியல் அம்சத்தை நேரில் பார்த்து, கேட்ட கேள்விகளுக்கு வைத்தவருக்குப் பதில் அனுப்ப வேண்டும். முதலில் ட்ரெடிஷனல் மட்டும் தேடுங்கள்.

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பீடுகள் உண்டு. ‘டிஃபிகல்ட்டி’ கண்டுபிடிப்பதன் கடினத்தையும், ‘டெரெய்ன்’ போய்ச் சேர்வதன் கடினத்தையும் சொல்லும். இரண்டும் 1-இலிருந்து 5 வரை, அரை அரையாக ஏறும். முதல் ஐந்து தேடல்களுக்கு இரண்டுமே 1.5-க்குள் இருக்கட்டும். அளவும் முக்கியம். மைக்ரோ 100 மில்லிக்குக் குறைவானது, பழைய ஃபிலிம் டப்பா அளவு. ஸ்மால் ஒரு லிட்டர் வரை. ரெகுலர் 20 லிட்டர் வரை. புதியவர்கள் சின்ன டப்பா எளிது என்று நினைத்து மைக்ரோவில் தொடங்கி, மூன்று முறை வெறுங்கையோடு திரும்பி, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஸ்மால் அல்லது ரெகுலரில் தொடங்குங்கள்.

கிளம்புமுன் கடைசி ஐந்து லாக்குகளைப் படியுங்கள். வரிசையாக மூன்று நான்கு பேர் ‘டிஎன்எஃப்’, அதாவது கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் பெட்டி காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தள்ளிவையுங்கள். போன வாரம் யாராவது கண்டெடுத்திருந்தால் அதுதான் உங்கள் முதல் பெட்டி.

எண்களைச் சரியாக உள்ளிடுதல்

செயலியே வழிகாட்டும்போது இந்தச் சிக்கல் வராது. மல்ட்டியிலும் மிஸ்டரியிலும் எண்களைக் கையால் உள்ளிடும்போது வரும். கேச்சர்கள் பயன்படுத்தும் வடிவம் ‘டிகிரி, தசம நிமிடம்’. உதாரணமாக 12° 34.567'. இதை நிமிடம், விநாடி என்று எண்ணி 12° 34' 56.7" என்று உள்ளிட்டால் ஏறக்குறைய 700 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். தசம டிகிரி என்று எண்ணி 12.34567 என்று உள்ளிட்டால் 25 கிலோமீட்டருக்கு மேல் தவறும். சரியான தசம டிகிரி வேண்டுமென்றால் 34.567-ஐ 60-ஆல் வகுத்து 12-உடன் கூட்டுங்கள், 12.57612 வரும்.

அட்சரேகையில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர் நகரும். தீர்க்கரேகையில் இந்தத் தூரம் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகக் குறையும். கடைசி இலக்கம் ஒன்றிரண்டு முன்பின் இருப்பதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம். புள்ளிக்குப் பின்வரும் மூன்றில் நடு இலக்கம் ஒன்று பிசகினாலோ கிட்டத்தட்ட 20 மீட்டர் போய்விடும்.

இடத்தில் நின்று தேடுதல்

திறந்த வானத்தின்கீழ் கைபேசி ஜிபிஎஸ் பொதுவாக 5 மீட்டருக்குள் சரியாக இருக்கும். பெட்டியை வைத்தவர் எடுத்த அளவிலும் அதே பிழை உண்டு. ஆகவே திரையில் பூஜ்யம் வந்த புள்ளியைச் சுற்றி 10 மீட்டர் வட்டம் முழுவதும் உங்கள் தேடல் களம். அடர்ந்த மரங்களுக்குக் கீழும் உயரமான சுவர்களுக்கு அருகிலும் சமிக்ஞை எதிரொலித்து வருவதால் வட்டம் இன்னும் பெரிதாகும்.

அம்பு அங்குமிங்கும் ஆடினால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். காந்த மூடி உள்ள கைபேசி உறை திசைகாட்டியைக் குழப்பும், கழற்றிவிடுங்கள். பேட்டரி சேமிப்பு நிலை இருப்பிடத்தைப் புதுப்பிக்கும் வேகத்தைக் குறைக்கும், அணைத்துவிடுங்கள். பிறகு கைபேசியை எட்டு வடிவத்தில் சில முறை சுழற்றித் திசைகாட்டியைச் சரிசெய்யுங்கள். அப்போதும் ஆடினால் ஒரு பழைய உத்தி உண்டு. புள்ளியிலிருந்து 25 மீட்டர் விலகி நின்று, அம்பு காட்டும் திசையில் தெரியும் மரத்தையோ கம்பத்தையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குச் செங்குத்தான இன்னொரு பக்கத்திலிருந்தும் அதேபோல் பாருங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தேடுங்கள்.

10 மீட்டருக்குள் வந்ததும் கைபேசியைச் சட்டைப்பையில் போடுங்கள். பலரும் செய்யத் தவறுவது இதைத்தான். திரையைப் பார்த்துக்கொண்டே வட்டமடிப்பவர் காலடியில் இருக்கும் பெட்டியைத் தாண்டிப் போவார். ஒரு நிமிடம் அசையாமல் நின்று, ‘இந்த அளவு டப்பாவை நான் இங்கே மறைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?’ என்று கேட்டுப் பாருங்கள். மழை நேராக விழாத இடம், வழிப்போக்கர் கண்ணில் படாத பக்கம், திரும்ப எடுக்கக் கை எட்டும் உயரம் என்று இந்த மூன்றையும் வைத்தே பாதி இடங்களைக் கழித்துவிடலாம்.

பிறகு இயற்கைக்குப் பொருந்தாததைத் தேடுங்கள். ஒரே நீளத்தில் அடுக்கிய குச்சிகள், பக்கத்துக் கற்களில் பாசி இருக்க இது மட்டும் சுத்தமாக இருக்கும் ஒரு கல், எதையும் இணைக்காத ஒரு திருகு, அந்த மரத்தில் காய்க்காத ஒரு காய். இரும்பு வேலிக் கம்பம், பலகையின் பின்புறம், இருக்கையின் அடிப்பக்கம் இவை காந்த டப்பாக்களுக்குப் பிடித்த இடங்கள். பொந்துக்குள்ளும் கல்லுக்கு அடியிலும் கையை நேரடியாக விடாதீர்கள். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள், குச்சியால் தட்டுங்கள், அதன்பிறகு கையுறையோடு தொடுங்கள். எதையும் உடைத்தோ பிடுங்கியோ தோண்டியோ தேட வேண்டியதில்லை. பெட்டியைப் புதைக்கக் குழி தோண்டக்கூடாது என்பதே விதி. மின் பெட்டிகளைத் திறக்கவே வேண்டாம்.

தடயக் குறிப்பு ஒன்று பெட்டியின் இணையப் பக்கத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளி எழுதிய எளிய மறைகுறி அது, செயலி ஒரு தொடுதலில் அவிழ்த்துவிடும். 15 நிமிடம் தேடிய பிறகு அதைப் பாருங்கள். முதலிலேயே பார்த்தால் தேடும் சுகம் போய்விடும். பார்க்கவே மாட்டேன் என்று வீம்பு பிடித்தாலும் சுற்றியுள்ள செடிகள்தான் மிதிபடும்.

இந்த விளையாட்டு தெரியாத வழிப்போக்கர்களைக் கேச்சர்கள் ‘மக்கிள்’ என்பார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டியை எடுத்தால், நீங்கள் போன பிறகு வந்து ஆராய்ந்து பெட்டியை எடுத்துப்போய்விடலாம். உட்கார்ந்து காத்திருங்கள். யாராவது நேராக வந்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மழுப்பினால்தான் சந்தேகம் வரும்.

கிடைத்த பிறகு

திறந்ததும் முதலில் உள்ளே எது எந்த வரிசையில் இருக்கிறது என்று பாருங்கள், அதே வரிசையில்தான் திரும்ப வைக்க வேண்டும். காகிதத்தில் தேதியும் பயனர் பெயரும் எழுதுங்கள். காகிதத்தில் பெயர் இல்லாமல் இணையத்தில் ‘கண்டெடுத்தேன்’ என்று பதிந்தால் வைத்தவர் அதை நீக்கலாம். உள்ளே இருக்கும் சிறு பொருளை எடுத்தால் அதற்குச் சமமான அல்லது மேலான ஒன்றை வையுங்கள். உணவுப் பொருள் வைக்கவே கூடாது. வாசனைக்கு வரும் விலங்குகள் பெட்டியையே கடித்துத் துண்டாக்கிவிடும்.

மூடும்போது ஜிப் பையின் நுனி மூடி விளிம்பில் சிக்கியிருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். சிக்கிய நுனி விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுக்கும். நனைந்துபோன லாக்புக்குகளுக்கு, அதாவது பெயர் எழுதும் குறிப்பேடுகளுக்கு, இது பெரிய காரணம். பெட்டியை எங்கே எடுத்தீர்களோ அங்கேயே, எப்படி மறைந்திருந்ததோ அப்படியே வையுங்கள். இன்னும் நன்றாக மறைக்கிறேன் என்று ஒரு அடி நகர்த்தினால், அடுத்தவர் ஒரு அடி நகர்த்துவார். ஐந்தாவது ஆளுக்குப் பெட்டி கிடைக்காது.

சில பெட்டிகளில் உலோகத் தகடோ நாணயமோ இருக்கும். அவை ‘ட்ராக்கபிள்’கள். ஒவ்வொன்றிலும் தனிக் குறியீடு பொறித்திருக்கும், பலவற்றுக்கு ஒரு பயண இலக்கும் இருக்கும். எடுத்தால் தளத்தில் எடுத்ததாகப் பதிந்து, சில வாரங்களுக்குள் வேறொரு பெட்டியில் வையுங்கள். கொண்டுபோக வழியில்லை என்றால் ‘பார்த்தேன்’ என்று மட்டும் பதிந்து விட்டுவிடலாம். குறியீடு தெரியும் புகைப்படத்தை வெளியிடாதீர்கள், நேரில் பார்க்காதவர்களும் அதை வைத்துப் பதிந்துவிடுவார்கள்.

லாக் எழுதுவது

‘பெட்டிக்கு நன்றி’ என்பதன் சுருக்கமான டிஎஃப்டிசி என்ற நான்கு எழுத்தோடு பலர் முடித்துக்கொள்கிறார்கள். இது வருத்தமான பழக்கம். பெட்டி வைத்தவருக்குக் காசோ பரிசோ எதுவும் கிடையாது, அவருக்கு வந்து சேர்வது உங்கள் லாக் மட்டுமே. மூன்று நான்கு வரி போதும். எந்த வழியாகப் போனீர்கள், எங்கே ஏமாந்தீர்கள், அந்த இடத்தில் என்ன பிடித்தது, டப்பாவும் காகிதமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுங்கள். ஒளிவிடத்தை மட்டும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

கிடைக்காவிட்டால் டிஎன்எஃப் பதிய வெட்கப்பட வேண்டாம். பெட்டி தொலைந்ததை வைத்தவர் அறிய வேறு வழியில்லை. நீங்கள் பதியாமல் விட்டால் அடுத்து வருபவரும் வீணாக அலைவார்.

சந்திப்புகள்

சந்திப்பும் தளத்தில் ஒரு கேச் மாதிரியே வெளியாகும். இடத்துக்கு எண்களும், தேதியும், தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் இருக்கும். ‘ஈவென்ட்’ என்பது சாதாரணச் சந்திப்பு, குறைந்தது அரை மணி நேரம் நடக்க வேண்டும். ‘சிஐடிஓ’ என்பது எல்லோரும் சேர்ந்து ஓர் இடத்தைச் சுத்தம் செய்வது அல்லது மரம் நடுவது, குறைந்தது ஒரு மணி நேரம். 2002-இல் தொடங்கிய வழக்கம் இது. 500 பேருக்கு மேல் கூடினால் ‘மெகா’, 5,000 பேருக்கு மேல் கூடினால் ‘கிகா’.

ஒரு பெட்டிகூடக் கண்டெடுக்காதவரும் போகலாம். உண்மையில், இரண்டு மூன்று பெட்டிகள் தேடித் தோற்ற பிறகு போவதே சிறந்த நேரம், ஏனென்றால் உங்களிடம் கேள்விகள் இருக்கும். தேடும் கண்ணை எந்தக் கட்டுரையும் முழுதாகத் தர முடியாது. பத்து விதமான டப்பாக்களை மேசையில் பரப்பி ஒருவர் ‘இதைக் கையில் வாங்கிப் பாருங்கள்’ என்று கொடுக்கும்போது, அரை மணியில் அது வந்துவிடும். விரல் நுனி அளவு நானோவை ஒருமுறை தொட்டுப் பார்த்தவர் அதன்பிறகு எந்தத் திருகையும் சும்மா கடந்து போக மாட்டார்.

முதல் சந்திப்புக்கு இப்படித் தயாராகுங்கள்.

1. சந்திப்பின் இணையப் பக்கத்தில் ‘வருகிறேன்’ என்று பதியுங்கள். புதியவர் என்றும் ஒரு வரி எழுதுங்கள். நடத்துபவர் உங்களை எதிர்பார்த்து வைத்திருப்பார்.

2. சட்டையில் பயனர் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. லாக்குகளில் படித்த பெயர் மட்டும் பலருக்குத் தெரியும்.

3. சந்திப்புக்கு வருபவர்கள் வைத்த பெட்டி எதையாவது முந்தைய நாளே தேடிவிட்டுப் போங்கள். ‘பாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெட்டியில் இருபது நிமிடம் தவித்தேன்’ என்று தொடங்கினால் போதும். வைத்தவரின் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

4. ட்ராக்கபிள் இருந்தால் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். மற்றவர்கள் குறியீட்டைக் குறித்துக்கொள்வார்கள்.

5. அங்கே இருக்கும் லாக்புக்கில் பெயர் எழுதுங்கள். வீட்டுக்கு வந்து ‘கலந்துகொண்டேன்’ என்று பதியுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மிஸ்டரி கேச்சின் இறுதி எண்களை யாரிடமும் கேட்காதீர்கள். அதை உருவாக்கியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். ‘நான் இதுவரை இப்படி யோசித்திருக்கிறேன், திசை சரியா?’ என்று கேளுங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். சந்திப்பு பொது இடத்தில்தான் நடக்கும். பிறகு அறிமுகமில்லாத ஒருவரோடு தனியாகத் தேடப் போவதாக இருந்தால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சந்திப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஒரு குழு பக்கத்துப் பெட்டிகளைத் தேடக் கிளம்பும். நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். கூட்டம் பெருத்தால் செடிகள் மிதிபட்டுப் பெட்டிக்குப் பாதை போட்டுவிடும். தொடங்குமுன் முறையை ஒத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்டதும் உரக்கச் சொல்லிவிடலாம். அல்லது கண்டவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் விலகிப் போய் நிற்க, மற்றவர்கள் தொடர்ந்து தேடலாம். குழுவில் ஒரு புதியவர் இருந்தாலும் இரண்டாவது முறையே நல்லது. அவராகக் கண்டெடுக்கும் அந்த முதல் பெட்டியை அவரிடமிருந்து யாரும் பறிக்க வேண்டாம். குழுவாகப் போனாலும் காகிதத்தில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கட்டும்.

நீங்களே சந்திப்பு நடத்துதல்

பக்கத்தில் சந்திப்பே நடக்கவில்லையா, நீங்களே நடத்தலாம். தேதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு பக்கத்தை எழுதி அனுப்ப வேண்டும். தன்னார்வலரான ரிவ்யூவர் ஒருவர் பார்த்து வெளியிடுவார். நான்கு வாரம் விட்டால் நிம்மதி, திருத்தம் கேட்டாலும் நேரம் இருக்கும். வியாபாரமோ பிரச்சாரமோ கலந்தால் வெளியாகாது.

இடத்தை அதே நாள், அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிழல், உட்கார வசதி, கழிப்பறை, சக்கர நாற்காலி போக வழி, மழை வந்தால் ஒதுங்கக் கூரை எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் வெளியிட்ட பிறகு இடத்தை மாற்றுவது குழப்பம். தேவையான அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள். லாக்புக், நான்கு பேனா, பெயர் ஒட்ட ஸ்டிக்கர், விதவிதமான காலி டப்பாக்கள், தூரத்திலிருந்து தெரியும் ஓர் அடையாளக் கொடி போதும். ‘வருகிறேன்’ என்று பதிந்தவர்கள் எண்ணிக்கையை அப்படியே நம்பாதீர்கள். பதிந்து வராதவரும் பதியாமல் குடும்பத்தோடு வருபவரும் எப்போதும் உண்டு.

ஒரு தவறு மட்டும் அடிக்கடி நடக்கிறது. பழையவர்கள் தங்களுக்குள் வட்டமாக நின்று பேசத் தொடங்கி, புதிதாக வந்தவர் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறார். அவர் திரும்ப வரமாட்டார். நடத்துபவரின் முதல் வேலை வாசல் பக்கம் பார்த்து நிற்பதுதான். வருபவரை அழைத்துவந்து, அவர் தேடிய பெட்டியை வைத்தவர் யாரோ அவரிடம் கொண்டுபோய் விடுங்கள்.

சொந்தப் பெட்டி வைத்தல்

குறைந்தது 20 பெட்டிகளாவது கண்டெடுத்த பிறகு இதைத் தொடுங்கள். எது நீடிக்கிறது, எது நனைகிறது என்று அதற்குள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். இட உரிமையாளரின் அனுமதி முதல் தேவை. வேறெந்தப் பெட்டிக்கும் 161 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. ரப்பர் வளையமும் நான்கு பக்கக் கொக்கியும் உள்ள மூடி கொண்ட டப்பா நன்றாக உழைக்கும். ஃபிலிம் டப்பாவில் தண்ணீர் புகும். உணவு வைத்துப் பழகிய டப்பா வேண்டாம். வைக்குமுன் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுவதும் அமுக்கி வைத்து, உள்ளே போட்ட காகிதம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவது பலரின் பழக்கம், ஆனால் கசியும் டப்பாவில் அது சீக்கிரமே ஈரத்தை உறிஞ்சித் தீர்ந்துவிடும்.

எண்களை ஒரே முறை எடுத்து முடிக்காதீர்கள். கைபேசியை இடத்தில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருந்து ஓர் அளவு எடுங்கள். 30 மீட்டர் விலகி நடந்து, வேறு திசையிலிருந்து திரும்பி வந்து மறுபடி எடுங்கள். இப்படி ஐந்து முறை, முடிந்தால் வேறொரு நாளும் ஐந்து முறை. தனியே விலகி நிற்கும் அளவை நீக்கிவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். செயற்கைக்கோள்களின் நிலை நேரத்துக்கு நேரம் மாறுவதால் இரண்டாம் நாள் அளவுக்கு மதிப்பு அதிகம்.

பெட்டி வெளியானதும் முதலில் கண்டெடுக்கச் சிலர் போட்டிபோட்டு ஓடிவருவார்கள். அவர்கள் எழுதும் லாக்கில் எண்கள் எத்தனை மீட்டர் தள்ளியிருந்தன என்று இருந்தால் அன்றே பக்கத்தைத் திருத்துங்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்தடுத்து இரண்டு டிஎன்எஃப் வந்தாலும் போய்ப் பாருங்கள். போகும்போது உலர்ந்த காகிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.